டெய்லர் ஹாம், முட்டை, சீஸ்: நியூ ஜெர்சியின் காலைச் சாண்ட்விச்சை வீட்டில் செய்ய, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு ஆர்டரைக் காதில் வாங்கிவிடுவார்கள்: "டெய்லர் ஹாம், எக் அண்ட் சீஸ்." ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேகல் (வளைய வடிவக் கெட்டி ரொட்டி) கடையிலும், சாண்ட்விச்சும் வெட்டிய இறைச்சியும் விற்கும் தெருமுனை டெலியிலும், டைனரிலும் காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் அதைத்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை உணவு பல வருடமாக இதுதான். எடிசன், ஐஸ்லின் பக்கம் இருக்கும் நண்பர்கள் ஃபோனில் கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன இறைச்சி? ஹாமா, சாஸேஜா, பேக்கனா?

மூன்றும் இல்லை, மூன்றுக்கும் பக்கத்தில் இருக்கிறது. பன்றி இறைச்சியை நன்றாக அரைத்து, உப்பு, சர்க்கரை, மசாலாப் பொருள்கள், இறைச்சியைப் பதப்படுத்தும் நைட்ரைட் உப்பு எல்லாம் கலந்து, உருளையாகத் துணிப்பையில் இறுக்கி, லேசாகப் புகை காட்டி எடுப்பார்கள். வெட்டினால் இளஞ்சிவப்பு வட்டம். பேக்கனைப் போலக் கொழுப்பு வரிவரியாகத் தெரியாது. வாயில் போட்டால் முதலில் உப்பு, அடுத்து கொஞ்சம் புகை, கடைசியில் ஒரு மெல்லிய புளிப்பு. அந்தப் புளிப்புதான் இதன் அடையாளம். மாவு புளித்த தோசைக்கும் புளிக்காத தோசைக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கில் வைத்திருக்கும் நமக்கு அது சட்டென்று பிடிபடும்.

சிலர் டெய்லர் ஹாம் என்கிறார்கள், சிலர் போர்க் ரோல் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் ஒரே பொருள்தான். மாநிலத்தின் வடக்கே டெய்லர் ஹாம், தெற்கே போர்க் ரோல். நடுவில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் கடைக்காரர் எதைச் சொல்கிறாரோ அதைச் சொல்லிவிடுவோம்.

கதை ட்ரென்டன் நகரத்தில் தொடங்குகிறது. ஜான் டெய்லர் என்பவர் 1856-இல் இந்த இறைச்சியை உருவாக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அவர் மாநில செனட்டராகவும் இருந்தவர், ட்ரென்டனில் ஒரு நாடக அரங்கையும் கட்டியவர். முதலில் அதற்கு வைத்த பெயரில் 'ஹாம்' என்ற சொல் இருந்தது. 1906-இல் அமெரிக்காவில் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்தது. ஹாம் என்றால் பன்றியின் பின்தொடை இறைச்சி. அரைத்துச் சேர்த்த இறைச்சியை அந்தப் பெயரில் விற்க முடியாது என்றானதும் நிறுவனம் 'டெய்லர் போர்க் ரோல்' என்று மாற்றிக்கொண்டது. அட்டைப்பெட்டியில் பெயர் மாறி நூறு வருடத்துக்கு மேலாகிறது. வடக்கு ஜெர்சிக்காரர்கள் வாயில் இன்னும் மாறவில்லை.

டெய்லர் மட்டும்தான் என்று இல்லை. 1870-இல் தொடங்கிய கேஸ் (Case) நிறுவனமும் ட்ரென்டன்தான். கேஸ் தயாரிப்பைத் தவிர வேறெதையும் தொடாத குடும்பங்கள் உண்டு. தெற்கே போர்க் ரோல் என்ற பொதுப்பெயர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது: கையில் இருப்பது கேஸ் என்றால் அதை டெய்லர் என்று எப்படிக் கூப்பிடுவது?

2016-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த அப்போதைய அதிபர் ஒபாமா பேச்சின் தொடக்கத்திலேயே இந்தப் பெயர்ச் சண்டையைத் தொட்டு, இதில் மட்டும் தலையிட மாட்டேன் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அதே வருடம் இதை மாநிலச் சாண்ட்விச்சாக அறிவிக்கச் சட்டமன்றத்தில் மசோதா வந்தபோது, இரண்டு பெயருக்கும் தனித்தனியாக ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது.

கடையில் எதை வாங்குவது?

நியூ ஜெர்சியில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் பேக்கன் இருக்கும் குளிர்பெட்டியிலேயே இருக்கும். ஏற்கெனவே வில்லை போட்ட சின்னப் பெட்டி ஒன்று, துணிப்பை சுற்றிய முழு உருளை இன்னொன்று. முதல் தடவை பெட்டியே போதும். பிடித்துப்போனால் உருளை வாங்குங்கள், அல்லது டெலி கவுன்ட்டரில் வேண்டிய தடிமன் சொல்லி வெட்டித் தரச் சொல்லுங்கள். மூன்று மில்லிமீட்டர் எனக்குப் பிடித்த அளவு. அதைவிட மெலிதானால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். அரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஓரம் முறுகும்போது நடு இன்னும் மெத்தென்றே இருக்கும்.

வில்லையின் ஓரத்தில் ஏன் வெட்டுகிறார்கள்? வெட்டாமல் போட்டால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதன்முதலில் நான் வெட்டாமல்தான் போட்டேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, ஒவ்வொரு வில்லையும் நடுவில் உப்பி, கவிழ்த்த கிண்ணம் மாதிரி எழுந்து நின்றது. சூட்டில் வில்லையின் ஓரம் வேகமாகச் சுருங்குகிறது, நடு அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. சுருங்கும் ஓரம் ஒரு வளையம் போல இறுக்க, நடுப்பகுதிக்கு மேலே எழுவதைத் தவிர வழியில்லை. கல்லில் படுவது விளிம்பு மட்டும். விளிம்பு கருகும், நடு வெளுத்தே கிடக்கும்.

அதனால் கத்தி முனையால் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி, ஆரத்தில் பாதி தூரம் வரை கீறுங்கள். ஒரே கீறல் போட்டு, பாக்மேன் வீடியோ விளையாட்டில் வரும் வட்டத்தின் வாய் மாதிரி விடுகிறவர்கள் உண்டு. நான்கு பக்கமும் கீறுகிறவர்கள் உண்டு. நான் மூன்று போடுகிறேன். கல்லில் விழுந்ததும் அந்தக் கீறல்கள் மெதுவாக வாய் திறப்பதைப் பார்க்கலாம், வில்லை தட்டையாகவே படுத்திருக்கும். கீறிய ஓரங்கள் எல்லாம் தனியாக முறுகுவதால் மொறுமொறுப்பும் கூடும்.

தோசைக்கல்லில் செய்யலாமா?

இரும்புக்கல் இதற்கு மிகப் பொருத்தம்தான், டெலிக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய தட்டைக் கல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் தினமும் தோசை வார்க்கும் கல்லில் வேண்டாம். இறைச்சியில் உள்ள சர்க்கரை கல்லில் பிடித்துக் கருகும், அடுத்த நாள் தோசை எழும்பாது. வாடையும் நிற்கும், வீட்டில் சாப்பிடாதவர்கள் இருந்தால் அது வருத்தமாகிவிடும். பத்து அங்குல வார்ப்பிரும்பு வாணலி ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

நடுத்தரத் தீயில் கல் காய்ந்ததும் எண்ணெய் இல்லாமலே வில்லைகளைப் பரப்புங்கள். புதுக் கல் என்றால் நான்கு சொட்டு போதும். ஒரு பக்கம் இரண்டு முதல் மூன்று நிமிடம். அடிக்கடி திருப்பாதீர்கள். தோசைத் திருப்பியால் ஒருமுறை அழுத்தி விட்டுவிடுங்கள். ஓரம் அடர் பழுப்பாகி, நடுவில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பலாம். தீயைக் கூட்டினால் சர்க்கரை முந்திக்கொண்டு கரிந்து கசக்கும்.

முட்டை ஆஃப் பாயிலா, ஃபுல் பாயிலா?

டெலியில் கேட்காமல் விட்டால் பெரும்பாலும் மஞ்சள் கருவை உடைத்துத் திருப்பிப் போட்ட ஃபுல் பாயில்தான் வரும். காரில் ஒரு கையால் சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம். வீட்டில் தட்டு வைத்துச் சாப்பிடும்போது, திருப்பிப் போட்டு முப்பது விநாடியில் எடுத்த முட்டையைத்தான் நான் சொல்வேன். மஞ்சள் கரு ஓடாமல், கட்டியாகவும் ஆகாமல், தேன் பதத்தில் இருக்கும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்களுக்கு ஃபுல் பாயிலே போடுங்கள்.

இறைச்சியை எடுத்த அதே கல்லில், அது விட்ட கொழுப்பிலேயே முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். பேக்கன் அளவுக்குக் கொழுப்பு விடாது, போதாவிட்டால் ஒரு துளி வெண்ணெய். உப்பு இப்போது போடாதீர்கள்.

நல்ல செடார் சீஸ் இருக்கிறது. அதைப் போடலாமா?

போடலாம், ஆனால் அந்த ருசி வராது. இதற்கு வேண்டியது அமெரிக்கன் சீஸ் என்று விற்கும் மெல்லிய சதுரத் துண்டு. செடார் சூடேறினால் எண்ணெய் தனியாகவும் புரதம் தனியாகவும் பிரிந்து இழுபடும். அமெரிக்கன் சீஸில் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகளைச் சேர்த்துக் காய்ச்சுவதால் கொழுப்பும் நீரும் பிரியாமல் வழவழப்பாக உருகும். சீஸைச் சூடாக்கிக் கிளறிப் பதப்படுத்தும் முறைக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் காப்புரிமை வாங்கினார். முறுகலான இறைச்சிக்கும் முட்டைக்கும் நடுவில் ஒரு குழம்பு மாதிரி அது பரவி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. ஊரில் கிடைக்கும் அமுல் சீஸ் ஸ்லைஸும் பதப்படுத்திய சீஸ்தான், தாராளமாகப் போடுங்கள். ஒரு சாண்ட்விச்சுக்கு இரண்டு துண்டு: ஒன்று இறைச்சி மேல், ஒன்று முட்டை மேல்.

எந்த பன்?

கைசர் ரோல். இங்கே 'ஹார்ட் ரோல்' என்றும் சொல்வார்கள். மேலே பூ இதழ் மாதிரி ஐந்து மடிப்பு, சிலவற்றில் கசகசா தூவியிருக்கும். மேல்தோல் மெல்லியதாக மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்க வேண்டும். பேகலில் கேட்பவர்களும் நிறைய. எனக்கு பேகல் கொஞ்சம் பிடிவாதமானது, கடிக்கும்போது உள்ளே இருப்பதைப் பின்பக்கமாகப் பிதுக்கித் தள்ளிவிடும்.

டீக்கடை இனிப்பு பன் வேண்டவே வேண்டாம். இலங்கையில் இருப்பவர்கள் ரோஸ் பாண் வாங்கிச் செய்து பார்க்கலாம், மேல்தோல் மொறுமொறுப்பாக இருக்கும்.

சரி, மொத்தமாக ஒருமுறை வரிசையாகச் சொல்லுங்கள்.

ஒரு ஆளுக்கு: வில்லை மூன்று, முட்டை இரண்டு, சீஸ் இரண்டு துண்டு, கைசர் ரோல் ஒன்று. ரோலைக் குறுக்கே பிளந்து, வெட்டிய பக்கத்தைக் கல்லில் லேசாக வாட்டி எடுத்து வையுங்கள். வில்லைகளைக் கீறி, இரண்டு பக்கமும் முறுக விட்டு, கல்லின் ஓரத்துக்குத் தள்ளுங்கள். நடுவில் முட்டைகளை ஒட்டினாற்போல உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி, அடிப்பக்கம் வெந்து இறுகியதும் திருப்பிப் போட்டு உடனே மேலே ஒரு சீஸ் வையுங்கள். அதன்மேல் வில்லைகளை ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி அடுக்கி, இரண்டாவது சீஸ். தீயை அணைத்துவிட்டு, ஒரு தட்டால் அரை நிமிடம் மூடுங்கள். கல்லின் சூட்டிலேயே சீஸ் இளகும். மொத்த அடுக்கையும் திருப்பியால் ஒரே தூக்காகத் தூக்கி ரோலுக்குள் வைத்துவிடுங்கள்.

இத்தோடு முடியவில்லை. அடுத்த கேள்வியையும் படியுங்கள்.

எல்லாம் சொன்னபடி செய்தேன். டெலியில் வாங்கும் ருசி மட்டும் வரவில்லை. ஏன்?

காகிதத்தில் சுற்றவில்லை, அவ்வளவுதான்.

டெலியில் கவனித்துப் பாருங்கள். கல்லிலிருந்து எடுத்த சாண்ட்விச்சை அந்த ஆள் தட்டில் வைப்பதில்லை. மெழுகுத்தாளிலோ அலுமினியத் தாளிலோ வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, உருட்டி, முனையைச் செருகி, அடியில் பென்சிலால் ஒரு எழுத்தைக் கிறுக்கி நீட்டுவார். நீங்கள் காசு கொடுத்து, காபியில் பால் ஊற்றி, வெளியே வந்து பிரிக்கும்போது மூன்று நான்கு நிமிடம் போயிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ஆவி ரோலின் மேல்தோலை இளக்குகிறது, சீஸ் ரொட்டிக்குள் இறங்குகிறது, இறைச்சியின் உப்பு எல்லா இடமும் பரவுகிறது.

ரயில் பயணத்துக்கு வாழை இலையில் கட்டிய புளியோதரைக்கு, வீட்டில் சுடச்சுடத் தட்டில் போட்ட புளியோதரையிடம் இல்லாத ஒரு ருசி எங்கிருந்து வருகிறது? பொதியில் கிடந்த நேரம்தான். இதுவும் அப்படித்தான். அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி மூன்று நிமிடம் சும்மா வையுங்கள். ஐந்துக்கு மேல் போனால் ரொட்டி நமுத்துவிடும்.

எஸ்.பி.கே. என்றால் என்ன?

உப்பு, மிளகு, கெச்சப். மூன்றின் ஆங்கில முதல் எழுத்துகள். கடையில் "எஸ்.பி.கே. போடவா?" என்று கேட்டால் இதுதான். வீட்டில் செய்யும்போது உப்பை விட்டுவிடுங்கள், இறைச்சியிலும் சீஸிலும் இருப்பதே அதிகம். கெச்சப் ஒரு தேக்கரண்டி, மேல் ரொட்டியில் தடவ வேண்டும். அதன் இனிப்பும் புளிப்பும் இந்த உப்பை அடக்கி வைக்கும். கெச்சப் கூடவே கூடாது என்கிறவர்களும் உண்டு, அது அவரவர் நாக்கு.

பச்சை மிளகாய், வெங்காயம், கரம் மசாலா சேர்க்கலாமா?

முதல் பத்து தடவை எதுவும் சேர்க்காமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இது அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி வாங்கிப் போகும் சாப்பாடு. நான்கே பொருள், அந்த நான்கும் ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்கின்றன. வெங்காயம் வதக்கிப் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மெல்லிய புளிப்பு காணாமல் போய்விடும். காரம் இல்லாமல் இறங்காது என்றால், பக்கத்தில் ஒரு ஊறுகாய் மிளகாயைக் கடித்துக்கொள்ளுங்கள்.

நான் நியூ ஜெர்சியில் இல்லை. பதிலுக்கு என்ன போடலாம்?

அமெரிக்காவின் வேறு மாநிலங்களில் இருந்தால் இணையத்தில் வரவழைக்கலாம், பனிக்கட்டிப் பொதியோடு வரும். அது முடியாதபோது, டப்பாவில் வரும் பன்றி லஞ்சன் மீட்தான் பக்கத்தில் வரும். சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு அது பழகிய பொருள். மெலிதாக வெட்டி, நன்றாக முறுக விட்டு, கடைசியில் கெச்சப்போடு இரண்டு சொட்டு வினிகர் கலந்து தடவினால் அந்தப் புளிப்பு ஓரளவு கிடைக்கும். போலோனி என்ற தடித்த சாஸேஜின் வில்லையும் ஆகும், அதற்கும் ஓரத்தைக் கீற வேண்டும். கனேடியன் பேக்கன் என்று விற்பது முதுகுத் தசை. கடிக்கும்போது நார் நாராக இருக்கும், இதன் மிருது அதில் கிடையாது.

இறைச்சி உருளையையே வீட்டில் செய்ய முடியுமா?

அதன் சாயலில் ஒன்றைச் செய்யலாம். கொழுப்போடு கூடிய பன்றித் தோள்பட்டை இறைச்சி ஒரு கிலோ, இரண்டு முறை அரைத்தது. உப்பு 15 கிராம், சர்க்கரை 10 கிராம், வெள்ளை மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, ஜாதிபத்திரித் தூள் ஒரு சிட்டிகை, குளிர்ந்த தண்ணீர் அரை டம்ளர். இதோடு 6.25 சதவீத நைட்ரைட் உள்ள பதப்படுத்தும் உப்பு 2.5 கிராம். இதைக் கண்ணளவில் போடாதீர்கள். சின்ன அளவில் காட்டும் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும், கூடினால் நஞ்சு. தராசு இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் கை சில்லிடும் வரை பிசைந்தால் மாவு போல ஒட்டும் பதம் வரும். சூடு தாங்கும் பிளாஸ்டிக் தாளில் உருளையாக இறுக்கிச் சுற்றி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள், கொதிக்காமல் 80 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும் தண்ணீரில் போட்டு, உருளையின் நடுவில் வெப்பமானி 71 டிகிரி காட்டும் வரை வேகவைத்து, ஐஸ் தண்ணீரில் ஆற விடுங்கள். ருசியாக இருக்கும். ஆனால் புகையும் புளிப்பும் இருக்காது. அந்த இரண்டும் ஆலைகளின் கைப்பக்குவம், அவர்கள் அதை வெளியே சொல்வதும் இல்லை.

வீட்டில் பன்றி சாப்பிட மாட்டோம். எங்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. டெலியில் "எக் அண்ட் சீஸ் ஆன் எ ரோல்" என்று கேட்பது வெகு சாதாரணம், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். கல்லில் பன்றிக் கொழுப்பு இருக்கும் என்பதால், தனி வாணலியில் போட முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் அந்தக் கவலை இல்லை. வெண்ணெயில் முட்டை போட்டு, உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து முறுகலாக வார்த்த அடை ஒன்றை இறைச்சி இடத்தில் வையுங்கள். மற்றதெல்லாம் அப்படியே, காகிதத்தில் சுற்றுவது உட்பட.

தினமும் சாப்பிடலாமா?

வேண்டாம். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது. உப்பும் மிக அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒற்றை வில்லையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை என்று ஆரம்பித்தது இப்போது மாதம் இரண்டு முறை. மற்ற சனிக்கிழமைகளில் அதே ரோல், முட்டை, சீஸ் மட்டும்.

ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் எப்படி?

ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, கீறிய வில்லைகளைத் தட்டில் பரப்பி 12 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி. கல்லில் வரும் முறுகல் முழுக்க வராது, ஆனால் பதினெட்டு வில்லையும் ஒன்றாக வெந்துவிடும். அதே நேரத்தில் முட்டைகளை இரண்டு வாணலியில் போடுங்கள். ஆறையும் தாளில் சுற்றி, அணைத்த ஓவனுக்குள் வைத்துவிட்டால், எல்லோரும் பல் தேய்த்து வரும் வரை சூடு நிற்கும்.